கோமதி மாரிமுத்துவும் ஊக்கமருந்துத் தடையும்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. தமிழ்நாடே அவ்வெற்றியைக் கொண்டாடியது.

அதற்கு முந்தைய மாதம் பாட்டியாலாவில் நடந்த பெடரேஷன் கோப்பைப் போட்டியில் அவரிடம் சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. அதில் நாண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்தின் எச்சம் இருந்தது தோகா வெற்றிக்குப் பின்னரே வெளியில் தெரிந்தது. தாம் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனால், வீரரின் உடலில் காணப்படும் மருந்துக்கு வீரரே பொறுப்பு என்பது பன்னாட்டு விதி. இவ்வகை மருந்தைத் தெரிந்தே உட்கொள்ளவில்லை என்பதையும் அவரே மெய்ப்பிக்க வேண்டும். எனவே 2019 மே 17 முதல் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குச் சென்றது.

தடை தனியொருவரோடு நிற்காமல் நாட்டையே தாக்குவதும் உண்டு. அமைப்புகளே ஊக்கமருந்துக்குத் துணைபோனதால் 2015 நவம்பரில் ரசியத் தடகளக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்யப்பட்டது. அது 2023 மார்ச்சில்தான் விலக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், மருந்தைத் தொடாத ரசிய வீரர்கள் பலரும் வாய்ப்பிழந்தனர்.

கோமதியின் தடை 2023 மே மாதம் முடிந்தபோது அவருக்கு வயது 34.