முதுகில் ஒரு குளம்

1539-ம் வருடம், ஜூன் மாதம். கங்கைக் கரையில் சௌசா என்கிற இடம். ஹுமாயூனின் முகாம் மீது ஷெர்கானின் படை (பிற்பாடு ஷெர்ஷா ஆனாரே, அவர்தான்) திடீரென்று பாய்ந்தது. தப்பிக்க வேறு வழியில்லை. மொகலாயச் சக்கரவர்த்தி குதிரையோடு ஆற்றில் இறங்கினார். குதிரை போய்விட்டது. சக்கரவர்த்தியும் போகவேண்டியதுதான் பாக்கி!

அப்போது வந்தான் நிஜாம். போர்வீரன் அல்ல, தளபதி அல்ல. தண்ணீர் சுமக்கிறவன். வடக்கே ‘பிஷ்தி’ என்பார்கள். ஆட்டுத்தோலை முழுசாக உரித்துத் தைத்த பை ஒன்று அவனிடம் இருந்தது. ‘மஷக்’ என்று பெயர். காற்றடைத்த அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார் ஹுமாயூன். “உன்னை என் சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். உட்காரவும் வைத்தார். அரை நாள்தான் என்று சொல்பவர்கள் உண்டு. ஹுமாயூனின் சகோதரி குல்பதன் பேகமோ இரண்டு நாள் என்று எழுதி வைத்திருக்கிறார். எப்படியோ, இந்திய சரித்திரத்தில் தண்ணீர்ப் பையால் ராஜாவான ஒரே ஆள் நிஜாம்தான்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? என் அக்கா மகன் போன வாரம் போன் செய்தான்.

“மாமா, குரங்கணி பக்கம் மலையேறப் போறோம். ஒரு பை பார்த்து வெச்சிருக்கேன். மிலிட்டரி மாடல். முதுகுல மாட்டிக்கலாம். உள்ள தண்ணி ரொப்புற பை, அதுலேர்ந்து ஒரு டியூப், வாய்க்கு நேரா வரும். இருக்கறதுலயே பெரிய சைஸ் எடுக்கட்டுமா?”

“எம்புட்டுப் பெருசு மாப்ளே?”

“வீட்டையே உள்ள வைக்கலாம் மாமா!”

பி.காம். படித்தவனுக்கு இப்படிப்பட்ட பதில் பிடிக்காது. வரவு என்ன, செலவு என்ன என்று பார்த்தாக வேண்டும். அதற்கு முன்னால், மனிதன் வழிநடையில் தண்ணீருக்கு என்ன செய்துகொண்டிருந்தான் என்று கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். சுவாரஸ்யமான சமாசாரம்.

நம் ஊர் வழி எளிமையானது. தண்ணீரை நீ சுமக்காதே, பாதையில் தண்ணீர் இருக்கட்டும்! பெரிய புராணத்தில் அப்பூதி அடிகள், தான் நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று வருகிறது. சாலை ஓரம் பந்தல், சுமையை இறக்க சுமைதாங்கிக் கல், குளிக்க ஒரு குளம். பயணி ஒரு சுரைக்குடுக்கையோடு புறப்பட்டால் போதும்.

ஆனால், பட்டாளம் பந்தல் இருக்கிற பாதையிலேயே போகுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவம் இதற்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அதன் பெயர் பக்காலி. முழு மாட்டுத்தோலில் தைத்த பை. ஒன்றில் 20 காலன் பிடிக்கும், அதாவது சுமார் 90 லிட்டர். அப்படி இரண்டு பையை ஒரு மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு வருகிற ஆள்தான் பக்காலி. 1785-ம் வருட மெட்ராஸ் ராணுவ விதிகள் ஒரு பட்டாலியனுக்குப் பத்து பக்காலிகள் என்று கணக்கு வைத்திருந்தன. துப்பாக்கிக்கும் ரொட்டிக்கும் இருந்த மாதிரி தண்ணீருக்கும் ஒரு பட்ஜெட்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடிக்கிறவன் வேறு, சுமக்கிறவன் வேறு. சுட வேண்டியவன் சுடுவான். தாகம் எடுத்தால் ‘ஏய் பிஷ்தி!’ என்று கத்துவான். குண்டுமழைக்கு நடுவில் துருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அந்த ஏழையின் வேலை. 1890-ல் ருட்யார்ட் கிப்ளிங் ‘கங்கா தின்’ என்று ஒரு பிஷ்தியைப் பற்றிப் பாட்டெழுதினார். 1939-ல் ஹாலிவுட் அதே பெயரில் படமே எடுத்தது. பாட்டும் படமும் கிடைத்த அளவுக்கு நிஜ பிஷ்திகளுக்குப் பேர் கிடைக்கவில்லை.

அப்புறம் மெல்ல மெல்ல சிப்பாயின் இடுப்புக்கே தண்ணீர் வந்தது. முதலில் மரக்குடுவை. பிறகு எனாமல் பூசிய இரும்பு பாட்டில், மேலே கம்பளித் துணி உறை. அந்த உறையை நனைத்துவிட்டால் காற்றுப் பட்டு உள்ளே தண்ணீர் குளிரும். நம் மண்பானை டெக்னிக்தான். லாரிக்கு முன்னால் தொங்குமே கான்வாஸ் தண்ணீர்ப் பை, அதுவும் இதே ரகம். ஆனால் பிரிட்டிஷ் சிப்பாயின் பாட்டிலில் பிடித்தது இரண்டு பைண்ட். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. வெயிலில் நாள் முழுக்க நடக்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு?

‘பழக்கினால் கம்மித் தண்ணீரில் சமாளிப்பான்’ என்று அதிகாரிகள் நம்பினார்கள். இந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு ஆராய்ச்சி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடால்ஃப் என்பவரின் குழு, சிப்பாய்களைப் பாலைவனத்தில் நடக்கவிட்டு வியர்வையை அளந்தது. 1947-ல் புத்தகமாக வந்தது. அதிலிருந்து தெரிந்த விஷயங்கள் மூன்று. ஒன்று, தாகத்தைப் பழக்கப்படுத்தவே முடியாது. இரண்டு, கடும் வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போகும். மூன்றாவதுதான் வேடிக்கை: கையில் தண்ணீர் இருந்தாலும் மனிதன் போதுமான அளவு குடிப்பதில்லை. நிற்கணும், மூடியைத் திறக்கணும், மறுபடி மாட்டணும்... ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறான்.

அந்த ‘அப்புறம்’ என்கிற சோம்பலுக்கு மருந்து கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல, ஆம்புலன்ஸ் ஊழியர். பெயர் மைக்கேல் எய்ட்ஸன். டெக்ஸாஸ் மாநிலம் விச்சிட்டா ஃபால்ஸில் ஆகஸ்ட் மாத வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிள் பந்தயம். 1980-களின் கடைசியில் அதில் ஓட்டப் போனவர், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான சாக்ஸுக்குள் திணித்து, பனியன் முதுகில் தைத்துக்கொண்டார். டியூபைத் தோள் மேலாக வாய்க்குக் கொண்டுவந்து, ஒழுகாமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிட்டார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அதுதான் ‘கேமல்பேக்’ ஆனது. 1991 வளைகுடா யுத்தத்தில் சில சிப்பாய்கள் முதுகில் ஏறியது. ஆப்கானிஸ்தான், இராக் யுத்தங்களில் அமெரிக்கச் சிப்பாயின் அங்கமாகவே ஆனது. நிஜாமின் மஷக், நானூற்றைம்பது வருடம் கழித்து பிளாஸ்டிக்கில் மறுபிறவி எடுத்தது!

சரி, போடிக்கு வருவோம்.

போடிநாயக்கனூருக்கு மேலே நிற்பது சாதாரண மலை அல்ல, ஏலமலை. அடிவாரத்தில் வேர்க்கும், போடிமெட்டு ஏறினால் ஸ்வெட்டர் கேட்கும். இந்தச் சரிவில் சுமை என்பது எப்போதும் பெரிய பிரச்னை. மூணாறு தேயிலையை இறக்குவதற்காகவே 1902-ல் மேலே மோனோ ரயில் போட்டார்கள், 1908-ல் அதைக் குறும்பாதை ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு ரோப்வே. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் மிதந்து இறங்கியது. 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்கிற பெயர் மட்டும் இருக்கிறது.

பெட்டிக்கு ரோப் கிடைத்தது. மனிதனுக்கு? நடைதான். இப்போது ஜீப் வந்துவிட்டது. விடியற்காலையில் போடியில் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர். அவர்களுக்கு யாரும் மிலிட்டரி மாடல் விற்பதில்லை.

அங்கே டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வயசுக் காலத்தில் மலைப்பாதையில் மூட்டை தூக்கினவர். “தண்ணிக்கு என்னங்கய்யா பண்ணுவீங்க?”

“கீழயே வயிறு முட்டக் குடிச்சிருவோம் தம்பி. முதுகுல இருந்தா பாரம், வயித்துல இருந்தா தெம்பு. மழை பேஞ்ச வருசம்னா வழியில ஊத்து இருக்கும். கோடையில அதையும் நம்பக் கூடாது.”

அடால்ஃப் ஒரு புத்தகம் எழுதிச் சொன்னதை இவர் ஒரு டீக்குள் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதில் கம்பெனி டிஸ்கவுண்ட் எதுவும் கிடையாது. நாலைந்து மணி நேர ஏற்றத்துக்கு, மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று வைத்தால் மூன்று லிட்டர். அதனால் தண்ணீர்ப் பை மூன்று லிட்டரில் இருக்கட்டும். ஆனால், அதைச் சுமக்கிற வெளிப்பை சின்னதாக இருக்கட்டும். பெரிய பையில் இடம் இருந்தால் நாம் சும்மா விடமாட்டோம். இன்னொரு ஜீன்ஸ், இன்னொரு சிப்ஸ் பாக்கெட் என்று ரொப்பிவிடுவோம். தண்ணீர் குடிக்கக் குடிக்கக் குறைகிற சுமை. ஜீன்ஸ் குறையுமா?

அப்புறம், இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார். பாரம் தோளில் மட்டும் விழக் கூடாது. பையின் வாய் கை நுழைகிற அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவ முடியாது, பூஞ்சை பிடிக்கும். டியூப் முனைக்கு மூடி வேண்டும். மலை மண் சும்மா இருக்காது. வெறும் தண்ணீரையே மடக் மடக்கென்று குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு இறங்கிப் பயிற்சிச் சிப்பாய்களே விழுந்ததால், மணிக்கு ஒன்றரை குவார்ட்டை (சுமார் 1.4 லிட்டர்) தாண்டாதே என்று 1998-ல் அமெரிக்க ராணுவம் விதியை மாற்றியது. கூடவே கொஞ்சம் உப்பு, கடலை இருக்கட்டும்.

கடைசியாக, கலர். மிலிட்டரிப் பச்சை எதற்கு? எதிரி கண்ணில் படாமலிருக்க. நமக்கு எதிரி யார்? காட்டில் வழி தவறினால் தேடி வருகிறவர் கண்ணில் பட வேண்டாமா? ஆரஞ்சு வாங்கு.

இதைச் சொல்லும்போது இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. 2018 மார்ச் 11 இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சுற்றி வளைத்த ஞாயிற்றுக்கிழமை. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு எந்தப் பையும் உதவியிருக்காது. அதற்குப் பிறகு விதிகள் வந்தன. இப்போது அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம், தீ பிடிக்கிற மாதங்களில் மலையேற்றமே நிறுத்தப்படுகிறது. பட்டியலில் முதலில் வரவேண்டியது காலம், இரண்டாவது அனுமதி, மூன்றாவது வழிகாட்டி. பை நாலாவதுதான்.

“மாமா, வழிகாட்டியா வர்ற உள்ளூர் அண்ணன்கிட்ட நம்ம தண்ணியையும் கொடுத்துட்டா?” என்று கேட்டான் பயல்.

அங்கேதான் நிறுத்தினேன். பக்காலியும் பிஷ்தியும் ஒழிய எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா! இந்தப் பையில் எனக்குப் பிடித்ததே ஒரு விஷயம்தான். குடிக்கிறவன்தான் சுமக்கிறான். ஹுமாயூனும் நாமே, நிஜாமும் நாமே. அதனால், கடைக்காரர் சொல்கிற சைஸ் அல்ல, உன் முதுகு சொல்கிற சைஸ்தான் சரி.

மூன்று லிட்டர், சின்னப் பை, ஆரஞ்சு கலர் வாங்கியிருக்கிறான். வழிகாட்டிக்கும் சேர்த்து இன்னொரு லிட்டர் பாட்டில் தனியாக எடுத்துக்கொள்ளப் போகிறானாம்.

தேறிவிடுவான்!