மூடிய பாட்டிலும் மடித்த விடைத்தாளும்



இன்றைய பதிவு ஒயின் பற்றியது. "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, இனியும் குடிக்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கதையில் இருபது மதிப்பெண் உண்டு, திருத்தியவர்கள் உண்டு, கொடுத்த மார்க்கைத் திரும்பக் கேட்டவர் ஒருவரும் உண்டு. அந்த வேலையை முப்பது வருடத்துக்கு மேல் செய்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன கோடையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மாலையில் மருமகனின் நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு பாட்டிலோடு. விலை பதினைந்து டாலரைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தமாம். எல்லாம் வெயில் காலத்துக்கென்று ஐஸில் குளிர வைத்துக் குடிக்கிற வகை. வெள்ளை ஒயின் நான்கு, ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயின் இரண்டு. மருமகன் ஒவ்வொன்றையும் பழுப்புக் காகிதப் பையில் போட்டு, கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, 1 முதல் 6 வரை எண் எழுதினார். பிறகு என்னிடம் வந்து, "அத்தை, நீங்கதானே டீச்சர். மார்க்கைக் கூட்டிக் குடுக்கறீங்களா?" என்றார். தண்ணீர் டம்ளரும் பேனாவுமாக எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்தேன்.

கூட்டி முடித்துப் பைகளைப் பிரித்தால் ஒரே சிரிப்பு. வந்ததிலிருந்து தன் பாட்டிலைப் பற்றியே பெருமை பேசிக்கொண்டிருந்த தம்பி, அதே பாட்டிலுக்கு இருபதுக்கு ஆறு போட்டிருந்தார். இருப்பதிலேயே மலிவான ஆறு டாலர் பாட்டில் இரண்டாம் இடம். அப்போதுதான் மருமகன், "இதே மாதிரி ஒண்ணு 1976ல் பாரிஸில் நடந்துச்சு அத்தை" என்று ஆரம்பித்தார். மறுவாரம் நாபா பள்ளத்தாக்குக்கும் கூட்டிப் போனார். அன்று அங்கிருந்து செய்தி அனுப்பிய பத்திரிகையாளர் ஜார்ஜ் டேபர் பின்னாளில் எழுதிய புத்தகத்தை மகள் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் ஆங்கிலத்துக்கு அதைப் படித்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

பாரிஸுக்குப் போகும் முன் கொஞ்சம் பின்னால் போவோம். பழக்கம் விடாது.

ஒயினைத் தரம் பிரிப்பது இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி இத்தாலிய ஒயின்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். கி.பி. 301ல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டார். அதில் புகழ்பெற்ற பலேர்னிய ஒயின் ஒரு படி 30 தெனாரியஸ், சாதாரண ஊர் ஒயின் 8 தெனாரியஸ். அவர்கள் படி ஏறக்குறைய நம் அரை லிட்டர். பெயருக்கு ஒரு விலை, பெயரில்லாததற்கு ஒரு விலை என்பது அன்றே வந்துவிட்டது. அந்தக் கடல் வணிகம் நம் கரையையும் தொட்டது. 1945ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் பருகும் மதுவைப் பாடும்போது அது யவனர் கொண்டு வந்தது என்கிறார். அது குளிர்ந்த, மணமுள்ள மது என்றும் சொல்கிறார். நம் வெயிலுக்கு வேறு எப்படிக் குடிப்பது?

அடுத்து 1855. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரிஸில் பெரிய கண்காட்சி. அதற்காக போர்தோ பகுதி ஒயின் தரகர்கள் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துப் பட்டியல் கொடுத்தார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது எந்தத் தோட்டத்துச் சரக்கு பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போகிறது என்பதை. அந்த ரேங்க் பட்டியல் இன்றும் நிற்கிறது. பெரிய மாற்றம் என்று நடந்தது ஒன்றுதான். 1973ல் முத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியது. 118 வருடம் கழித்து ஒரு பிரமோஷன்! ஒரு முறை 'சுமார்' என்று பேர் வாங்கினால் அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

இப்போது 1976. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், 34 வயது, பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் பள்ளியும் நடத்தி வந்தார். அவருடன் வேலை செய்தவர் பட்ரீஷியா கல்லாகர் என்ற அமெரிக்கப் பெண்மணி. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு அது. அதையொட்டி, கலிபோர்னியாவிலும் நல்ல ஒயின் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குக் காட்டலாம் என்று இருவரும் நினைத்தார்கள். ஜெயிக்க வைக்கும் எண்ணம் இல்லை. கவனித்தால் போதும் என்பதே ஆசை.

மே 24ஆம் தேதி, பாரிஸ் இன்டர்கான்டினென்டல் ஓட்டல். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், எல்லோரும் அந்தத் துறையில் பெரிய தலைகள். ஒருவர் ரொமானே கோன்தி தோட்டத்தின் பொறுப்பாளர், ஒருவர் பிரெஞ்சு ஒயின் இதழின் ஆசிரியர் ஒதெத் கான் அம்மையார், இன்னும் சிலர் பாரிஸின் தலைசிறந்த உணவகங்களைச் சேர்ந்தவர்கள். வெள்ளை ஒயின் பத்து, சிவப்பு ஒயின் பத்து. ஒவ்வொரு பத்திலும் ஆறு கலிபோர்னியா, நான்கு பிரான்ஸ். பெயர் தெரிந்தால் முடிவு முன்பே எழுதியாகிவிடும் என்று ஸ்பரியர் பெயர்களை மறைத்துவிட்டார். நிறம், மணம், சுவை, ஒத்திசைவு எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண். அழைத்த பத்திரிகையாளர்களில் வந்தவர் 'டைம்' இதழின் டேபர் மட்டுமே. முடிவு தெரிந்த போட்டிக்கு யார் வருவார்கள்?

டேபர் கையில் எந்த எண் எந்த ஒயின் என்ற பட்டியல் இருந்தது. அதனால் நடுவர்கள் பேசியதைக் கேட்ட அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒருவர் நாபா ஒயினைக் குடித்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்தார். இன்னொருவர் பிரான்ஸின் மிகப் பெரிய வெள்ளை ஒயின் ஒன்றை முகர்ந்து, மணமே இல்லை, இது கலிபோர்னியாதான் என்றார்.

வெள்ளை ஒயினில் முதலிடம் நாபாவின் ஷட்டோ மொன்டலீனா 1973. இந்த முடிவை முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். சிவப்பு வந்தபோது நடுவர்கள் உஷாராகிவிட்டார்கள். இந்த முறை பிரான்ஸ் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கண்டுபிடித்து மார்க் போடப் பார்த்தார்கள். அப்படியும் முதலிடம் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. ஒன்பது பேர் மதிப்பெண்ணும் சேர்த்து 180க்கு 127.5. இரண்டாம் இடம் 126 மதிப்பெண்ணோடு, 118 வருடம் காத்திருந்து முதல் வகுப்பு வாங்கிய அதே முத்தோன்.

முடிவு வந்ததும் ஒதெத் கான் அம்மையார் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்க மறுத்துவிட்டார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜெயித்தவர்கள் யார்? ஸ்டாக்ஸ் லீப்பின் வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1964ல் வேலையை விட்டுக் குடும்பத்தோடு நாபாவுக்கு வந்து, இன்னொருவர் தோட்டத்தில் எடுபிடி வேலையிலிருந்து தொடங்கினார். போட்டியில் வென்ற ஒயினின் திராட்சைக் கொடிகளுக்கு அறுவடையின்போது வயது மூன்றுதான். மொன்டலீனா ஒயினைச் செய்த மைக் கர்கிச், குரோஷியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். அந்த இரண்டு ஒயின்களின் பாட்டில்களும் இன்று வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிரெஞ்சு நாளேடுகள் பல மாதம் இதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஒயின் முதிர்ந்தால்தான் ருசி தெரியும் என்ற வாதமும் வந்தது. 2006ல் முப்பதாம் ஆண்டு நிறைவில் லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில், அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே. ஆனால் 1976ல் ஐந்தாம் இடத்தில் இருந்த ரிட்ஜ் இப்போது முதலிடம்.

இதிலிருந்து கலிபோர்னியா ஒயின்தான் உயர்ந்தது என்று முடிவு கட்டலாமா? மார்க் போட்டுப் பழகியவள் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 180க்கு ஒன்றரை மதிப்பெண் வித்தியாசம் ஒரு வித்தியாசமா? மறுநாள் காலை அதே தாளைத் திருத்தினால் மாறிவிடும். அன்று நிரூபணமானது ஒன்றுதான். பெயரை மூடினால் வரிசை மாறுகிறது.

அதற்குப் பின் மதிப்பெண் மோகம் அதிகமானது. 1978ல் ராபர்ட் பார்க்கர் என்ற வழக்கறிஞர் தன் இதழில் நூறு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பள்ளி மதிப்பெண் போலவே. அவரிடம் 90க்கு மேல் வாங்கினால் விலை ஏறிவிடுவது வழக்கமாக இருந்தது. ஆனால் திருத்துபவரையே யார் திருத்துவது? அதைச் செய்தவர் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் 2005 முதல் நான்கு ஆண்டுகள், ஒரே பாட்டில் ஒயினை அதே நடுவருக்கே, அவருக்குத் தெரியாமல், மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்! அதே கண்காட்சியில் 2007ல், கடையில் 1 டாலர் 99 சென்ட்டுக்கு விற்ற சார்ல்ஸ் ஷா ஒயின், கலிபோர்னியாவின் சிறந்த ஷார்டொனே என்று பரிசு வாங்கியது. 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மூடிய சோதனைகளைக் கணக்கெடுத்தார்கள். விலை தெரியாதபோது, பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களுக்கு விலையுயர்ந்த ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை, சற்றுக் குறைவாகவே பிடித்தது. எலுமிச்சை மரத்தடியில் நான் கூட்டிய கணக்கும் அதைத்தான் சொன்னது.

இனி என் கதை.

1994ஆம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வு. எங்கள் நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமை ஆசிரியர் ஒரு முறை கொண்டுவந்தார். பெயர் எழுதிய பகுதியை மடித்து ஸ்டேப்ளர் போட வேண்டும். 'அ' பிரிவுத் தாளை 'ஆ' பிரிவு ஆசிரியர் திருத்த வேண்டும். எட்டாம் வகுப்பு 'அ' பிரிவுக்குச் சமூக அறிவியல் எடுத்தவள் நான்.

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். கோழி கிறுக்கினாற்போல் கையெழுத்து. பாதி நாள் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவான். அவனுக்கு நான் எப்போதும் 36, 38 என்றுதான் போடுவேன். அந்த முறை தாள் திரும்பி வந்தபோது அவனுக்கு 63. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது யோசிக்கவில்லை. திருத்திய ஆசிரியை என்னைவிட இளையவர். "நீங்க சரியாப் பார்க்கலை. இவன் இவ்ளோ எடுக்கற பையன் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்தேன். வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை அவன் பாயிண்ட் பாயிண்டாக எழுதாமல், சிப்பாய்களுக்கு வந்த புதுத் தலைப்பாகையையும் அதிலிருந்த தோல் பட்டையையும் கதை சொல்வதுபோல் எழுதியிருந்தான். விஷயம் அத்தனையும் சரி. "பத்தியாக எழுதக் கூடாது" என்று குறைத்தேன். எழுத்துப் பிழைக்குக் குறைத்தேன். 63ஐ அடித்து 47 ஆக்கினேன். அந்த ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை.

தாளை வாங்கியபோது அவன் அடித்த எண்ணையும் பார்த்தான், புது எண்ணையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வருடம் அவன் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு வீட்டுக் கஷ்டம் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த 16 மதிப்பெண் என் கணக்கில்தான் இருக்கிறது.

பாரிஸில் தாளைத் திருப்பித் தர மறுக்க ஒருவர் இருந்தார். எங்கள் பள்ளியில் எனக்கு மறுக்க யாரும் இல்லை. முப்பது வருடம் கழித்து ஒரு ஒயின் புத்தகத்தில் அந்த அம்மையார் கை நீட்டிய இடத்தைப் படித்தபோது, அது என் கை போலத் தெரிந்தது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். சிலர் ஆட்களை வேலைக்கு எடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். பெயரை, ஊரை, கையெழுத்தை மூடிவிட்டு ஒரு தடவை பாருங்கள். வருகிற மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால், தாளைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயதிருக்கும். அவன் இதைப் படிப்பானா தெரியாது. உங்களில் யாருக்காவது அவன் இருக்குமிடம் தெரிந்தால், எல்லோரும் பார்க்கிற மாதிரி பெயரைப் போடாதீர்கள், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஐயா, நீ எடுத்தது 63தான். டீச்சர் செய்தது தவறு. மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்