முக்கால்

மாமாவின் காரியம் முடிந்த மறுநாள், குளுவாங் வீட்டில் அத்தை ஒரு குறுந்தட்டை என் கையில் வைத்தார். மேலே மாமாவின் கையெழுத்தில் 'தோட்டம், 2001'. "மாமா தோட்டத்துக் கதைய இதுலதான் எழுதி வச்சிருக்காரு தம்பி. நீதான கம்ப்யூட்டர் வேல பாக்குற, தொறந்து குடு" என்றார். ஜொகூர் பாருவில் இணையத்தளங்கள் செய்வது என் பிழைப்பு. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

நாற்பது எச்டிஎம்எல் கோப்புகள் இருந்தன. ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. திரை முழுக்கப் பின்னங்கள், பவுண்டுக் குறிகள், தலைகீழ் ஆச்சரியக்குறிகள். உற்றுப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. 'த' வரவேண்டிய இடமெல்லாம் முக்கால், 'ட' வரவேண்டிய இடமெல்லாம் கால். மாமா திஸ்கியில் எழுதியிருக்கிறார்.

அன்றைய கணினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் நம் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? கொம்பு, கால் என்று எழுத்தைத் துண்டுகளாக்கி வைத்தார்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை எழுத்துரு செய்தவரே முடிவு செய்தார். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் திறக்காது.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1990களின் இறுதியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம், கலிபோர்னியாவிலிருந்து மணி மணிவண்ணன், இங்கிருந்து முத்து நெடுமாறன் எல்லாம் அதில் இருந்தார்கள். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது. மாமா தட்டை எரித்த 2001இல்தான் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் மாமாவிடம் இருந்தது விண்டோஸ் 98. அவர் செய்தது தப்பில்லை. கோப்பில் எழுத்துருவின் பெயரை மட்டும் போட்டிருந்தார். குறியீட்டின் பெயரைப் போடவில்லை. பழைய கணினியோடு எழுத்துருவும் போய்விட்டது.

பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' நூலகத்தை வைத்து மாற்றினேன். பின்னங்களை எழுத்தாக்குவது சுலபம். வரிசைதான் சிக்கல். திஸ்கியில், கையால் எழுதுவது மாதிரி, கொம்பு முதலில் வரும். யூனிகோடில் மெய் முதலில். 'தோட்டம்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு, முக்கால், தலைகீழ் ஆச்சரியக்குறி என்று போய் நடுவில் ஒரு கால் இருந்தது. முக்காலையும் காலையும் கூட்டினால் ஒன்று என்று நானே சிரித்துக்கொண்டேன்.

அதன்பிறகு புது வேலை எதைத் தொடங்கினாலும் சிலவற்றை முதலில் பார்த்துவிடுகிறேன். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா? 'எடிட்டர்கான்ஃபிக்' கோப்பில் அதை எழுதிவைத்தால் கூட வேலை செய்பவர்களுக்கும் அதுவே அமையும். பக்கத்தின் தலைப்பகுதியில் முதல் வரியே குறியீட்டு அறிவிப்பு. தரவுத்தளத்துக்கு யுடிஎஃப்8எம்பி4, மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை, நாம் சொல்லாவிட்டால் லத்தீனைத்தான் எடுத்துக்கொள்ளும். 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பே என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். 'நீ' நமக்கு ஓர் எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு, யுடிஎஃப்-8இல் ஆறு பைட். எண்ணிக்கையை நம்பி வாக்கியத்தை வெட்டினால் 'நீ' வெறும் 'ந' ஆகிவிடும்.

இதெல்லாம் இப்போது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு தலைமுறை இதற்குச் சண்டை போட்டது நமக்குத் தெரிவதில்லை.

நாற்பதில் முப்பத்தெட்டு திறந்தன. இரண்டு, தட்டின் கீறலில் போயின. அச்சடித்து எடுத்துப் போனேன். அத்தை முதல் பக்கத்தை மெதுவாக வாசித்தார். லயத்து வீட்டு எண்களும், பால் வெட்டப் போனவர்களின் பெயர்களும், பிறகு தோட்டம் துண்டாடப்பட்ட கதையும். "இனிமே அழியாதுல்ல?" என்று கேட்டார்.

பதில் சொல்லவில்லை. மூலக் கோப்புகளை அழிக்காமல், மாற்றியவற்றின் பக்கத்திலேயே வைத்தேன். 'முதலில் இதைப் படிக்கவும்' என்று ஒரு கோப்பும் சேர்த்தேன். அதில் இரண்டே வரி: பழையவை திஸ்கி. புதியவை யூனிகோட், யுடிஎஃப்-8.