கட்டி என்று பெயர் வாங்கிய துணுக்கு

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வரும் நர்ஸ், வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டுவார். வெந்த நண்டின் சதையைப் பிய்த்துப் போட்டதுபோல உள்ளே வெள்ளையாக நாலைந்து துணுக்குகள் கிடக்கும். "இதுதான் நரம்ப அழுத்திட்டு இருந்துச்சு." ஆளாளுக்கு எட்டிப் பார்ப்பார்கள். இத்தனூண்டுக்காகவா மனிதர் மூன்று மாதமாக நிமிர்ந்து உட்கார முடியாமல் கிடந்தார் என்று ஒருவராவது கேட்பார்.

இந்தத் துணுக்கு பாட்டிலுக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. தான் யார் என்று சொல்லிக்கொள்வதற்கே அது வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பிறந்த வீடு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுத் தட்டு. சுற்றிலும் கயிறு முறுக்கியதுபோல நார் வளையங்கள், நடுவில் நுங்குபோல வழுவழுப்பான கூழ். பகலெல்லாம் உடம்பின் பாரத்தில் அந்தக் கூழ் நீரை இழக்கும். இரவு படுத்ததும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். வளர்ந்தவர்களின் கூழுக்குள் ரத்தக் குழாய் எதுவும் போவதில்லை. எலும்பிலிருந்து கசிந்து வருவதை வைத்தே அது பிழைக்கிறது. உடம்புக்குள்ளேயே இருந்தும் ரத்தத்தின் கண்ணில் படாமல் வாழும் பிராணி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்பார்கள். உண்மையில் தட்டு எங்கும் விலகுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிடித்தபடியேதான் இருக்கும். வளையத்தில் கீறல் விழுந்து உள்ளிருக்கும் கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது, அவ்வளவுதான். விலகியதைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. பிதுங்கும் இடம் பெரும்பாலும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல் ஃபோர்-எல் ஃபைவ், எல் ஃபைவ்-எஸ் ஒன் என்று வருமே, அந்தக் கடைசி இரண்டு தட்டுகள்தாம். அங்கே வெளியேறும் நரம்பை உரசினால் வலி இடுப்போடு நிற்காது. பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம்போல இறங்கும்.

காலில் இறங்கும் அந்த வலி நரம்பின் வேலை என்று நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிகோ கொதுன்யோ 1764-இலேயே எழுதிவிட்டார். நீட்டிய காலை உயர்த்திப் பார்க்கும் சோதனையை 1880-இல் விவரித்த லாசா லாசரேவிச், செர்பிய மொழியின் பேர்பெற்ற சிறுகதைக்காரரும்கூட. நரம்பு தெரிந்தது, வலி தெரிந்தது. நடுவில் இருந்த துணுக்கு மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

யாருமே பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பெர்லினில் ஓப்பன்ஹைம், கிராவுஸே என்ற இரு மருத்துவர்கள் ஒரு நோயாளியின் தண்டுவடக் கால்வாயிலிருந்து அதை வெளியே எடுத்து 1909-இல் எழுதினார்கள். வைத்த பெயர் என்காண்ட்ரோமா, அதாவது குருத்தெலும்புக் கட்டி. கிளாஸ்கோவில் பாரம் தூக்கிய தொழிலாளி ஒருவர் கால்கள் செயலிழந்து இறந்துபோக, பிரேதப் பரிசோதனையில் கால்வாய்க்குள் ஜவ்வைக் கண்டவர்கள் 1911-இல் அதை வெளியிட்டார்கள். அதை விபத்து என்று வைத்துக்கொண்டார்கள். டிரெஸ்டனில் ஆயிரக்கணக்கான சடலங்களின் முதுகெலும்பை அறுத்துப் பார்த்த நோயியலாளர் கியோர்க் ஷ்மோர்ல், பின்பக்கப் பிதுக்கங்களை ஏராளமாகக் கண்டார். அவற்றால் பெரிய தொல்லை இருப்பதாக நினைக்கவில்லை. பிணத்தைப் பார்த்தவருக்கு வலி தெரியவில்லை, வலியைப் பார்த்தவருக்குத் துணுக்கு தெரியவில்லை.

இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது 1932-இல், பாஸ்டனில். பனிச்சறுக்கில் அடிபட்ட ஓர் இளைஞர் கால்வலியோடு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஜோசஃப் பாரிடம் வந்தார். வைத்தியம் பலிக்கவில்லை. நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரிடம் அனுப்பினார் பார். மிக்ஸ்டர் திறந்து, கட்டி என்று நினைத்து எடுத்தார். ஷ்மோர்லின் ஆய்வுகளை அறிந்திருந்த பாருக்குச் சந்தேகம் தட்டியது. இது கட்டிதானா? நோயியல் பகுதியின் உதவியோடு, அந்த மருத்துவமனையில் முன்பு 'காண்ட்ரோமா' என்று பெயரெழுதி வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை வெளியே எடுத்து, உண்மையான ஜவ்வோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவை கட்டியே அல்ல, பிதுங்கிய ஜவ்வு. அத்தனை காலமும் அது வேறொருவர் பெயரில் அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

1934 ஆகஸ்ட் 2 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இருவரும் 19 நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். துணுக்குக்குச் சொந்தப் பெயர் கிடைத்தது. கூடவே தீர்ப்பும் வந்தது: இதற்குச் சிகிச்சை அறுவைதான்.

கண்டுபிடித்த சந்தோஷம் கண்ணை மறைப்பது மருத்துவத்தில் புதிதல்ல. கால்வலிக்குக் காரணமான துணுக்கு, மெல்ல மெல்ல எல்லா இடுப்பு வலிக்கும் காரணமாக்கப்பட்டது. பத்தே ஆண்டில், 1944-இல், அதே பாஸ்டனில் ஒரு கடற்படை அதிகாரியின் முதுகைத் திறந்தார்கள். பெரிதாகப் பிதுங்கியது எதுவும் அகப்படவில்லை. கொஞ்சம் மென்மையான ஜவ்வை எடுத்தார்கள், வலி போகவில்லை. 1954-இல் நியூயார்க்கில் எலும்புகளை இணைத்து உலோகத் தகடு பொருத்தினார்கள். புண்ணில் கிருமி பற்றி, பாதிரியாரை அழைத்துக் கடைசிப் பிரார்த்தனை செய்யும் நிலைக்குப் போனார். அடுத்த ஆண்டு தகட்டைக் கழற்ற இன்னொரு அறுவை. பிற்பாடு வெள்ளை மாளிகைக்குள் போன ஜான் எஃப். கென்னடிதான் அந்த அதிகாரி. அவர் இடுப்புக்குத் தெம்பு வந்தது, 1961-இல் ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவர் வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்ய வைத்த பிறகு. கிராவுஸ் மலையேறுபவர், முதுகுத் தசையை நம்பியவர்.

துணுக்கைக் கத்தி இல்லாமல் ஒழிக்கவும் பார்த்தார்கள். ஆட்டுக்கறி சீக்கிரம் வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள் அல்லவா, அதே பப்பாளிப் பாலின் நொதி. 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதை முயல்களுக்கு ஊசியாகப் போட, விறைத்து நின்ற காதுகள் துவண்டு தொங்கின. காதின் குருத்தெலும்பைத் துவளச் செய்வது ஜவ்வைக் கரைக்காதா என்று சிகாகோ பக்கத்து மருத்துவர் லைமன் ஸ்மித் 1960-களில் அதன் சகோதர நொதியான கைமோபப்பெயினை மனிதர்களின் தட்டுக்குள்ளேயே செலுத்தினார். அமெரிக்க அரசு 1982-இல் அனுமதித்தது. பலருக்குக் கேட்டது. ஆனால் சிலருக்கு உயிர் போகும் ஒவ்வாமை, சிலருக்குத் தண்டுவடப் பாதிப்பு. 2003-இல் அமெரிக்காவில் விற்பனை நின்றது.

அதற்குள் எம்.ஆர்.ஐ. வந்திருந்தது. துணுக்கைப் பார்க்க இனி உடம்பைத் திறக்க வேண்டாம். அங்கேதான் அதன் மானம் போனது. இடுப்பு வலி இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குத் தட்டு உப்பியிருந்தது. நூற்றுக்கு 27 பேருக்குப் பிதுங்கியே இருந்தது. ஷ்மோர்ல் பிணங்களில் கண்டதை இப்போது உயிரோடு நடமாடுகிறவர்களிடம் கண்டார்கள். படத்தில் இருப்பதெல்லாம் குற்றவாளி என்றால் தெருவில் பாதிப் பேரைக் கைது செய்ய வேண்டும்.

அறுவையா, காத்திருப்பதா என்று நேருக்கு நேர் சோதித்தவர்களில் முன்னோடி ஓஸ்லோவின் ஹென்ரிக் வேபர். அறுவை தேவையா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாக முந்தினார்கள். நான்காம் ஆண்டில் இடைவெளி சுருங்கியது. பத்தாம் ஆண்டில் வித்தியாசமே இல்லை. 1983-இல் அவர் இதை வெளியிட்டபோது இரண்டு கட்சியும் தங்களுக்குப் பிடித்த ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெதர்லாந்தில் 2007-இல் வெளியான சோதனை கணக்கை இன்னும் துல்லியமாக்கியது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாகக் கால்வலியில் இருந்த 283 பேர். உடனே அறுவை என்றால் குணமாக ஏறக்குறைய 4 வாரம். காத்திருந்தால் 12 வாரம். ஆண்டு முடிவில் இரு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் நடுவில் அறுவைக்குப் போனதும் இதில் அடக்கம். அதாவது கத்தி வாங்கித் தருவது பெரும்பாலும் எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தின் விலை தறி ஓட்டுகிறவருக்கு ஒன்று, சம்பளத்தோடு விடுப்பு உள்ளவருக்கு வேறொன்று. எந்த ஆய்வும் அதை மற்றவருக்காகச் சொல்ல முடியாது.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. நான்கு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் கால்வலி நீடித்த 128 பேரைக் கனடாவில் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்ட வலி, அறுவை செய்தவர்களுக்கு 2.8, செய்யாதவர்களுக்கு 5.2. இன்னோர் எல்லை மணிக்கணக்கில் அளக்கப்படுவது. சிறுநீர் பிரியாமல் போனாலோ, தன்னையறியாமல் பிரிந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, துணுக்கு நரம்புக் கொத்தையே நெருக்குகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதம் தூக்க முடியாமல் தொங்கிக்கொண்டே போனாலும் தாமதிக்கக் கூடாது.

மற்றவர்கள் காத்திருக்கும்போது துணுக்குக்கு என்ன ஆகிறது? 1980-களில் சி.டி. ஸ்கேனில் முதன்முதலாகப் பார்த்தார்கள்: முன்பு இருந்த துணுக்கு, பிறகு எடுத்த படத்தில் இல்லை. யாரும் எடுக்கவில்லை. நான் நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். தட்டுக்குள் இருந்தவரை ரத்தம் அதைப் பார்த்ததே இல்லை. வெளியே வந்ததும் உடம்பு அந்நியன் என்று பிடித்துக்கொள்கிறது. சுற்றிலும் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, விழுங்கும் வெள்ளணுக்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. ஆகவே விசித்திரமாக, வெறுமனே உப்பியிருப்பதைவிட, முற்றாகப் பிய்ந்து வெளியே விழுந்த துணுக்குதான் வேகமாகக் கரைகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்கில், அறுந்து விழுந்தவற்றில் 96 சதவீதம் தானாகச் சுருங்கின. உப்பலில் 13 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வார்த்தை இருப்பவருக்கே நல்ல செய்தி.

காத்திருப்பது என்றால் பாயில் படுத்துக்கிடப்பது என்று அர்த்தமில்லை. புதிதாக வந்த வெறும் இடுப்பு வலிக்கு எது நல்லது என்று ஹெல்சிங்கியில் 186 பேரிடம் சோதித்தார்கள். படுத்திருந்தவர்களையும், முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டு நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். 1995-இல் அது வெளியானது. இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகைக் கட்டிலில் பதினைந்து நாள் அசையாமல் படு என்று அதற்குப் பிறகும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டிலுக்குள் போன துணுக்கு ஆய்வகத்துக்குப் போனால், இப்போது 'நைந்த நார்க்குருத்தெலும்பு' என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். கட்டி என்று யாரும் எழுதுவதில்லை. உள்ளேயே கரைந்த துணுக்குக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. வலி போன பிறகு மறுபடி ஆறேழாயிரம் ரூபாய் கொடுத்து யார் ஸ்கேன் எடுக்கிறார்கள்? பழைய படம் பீரோ மேல் பெரிய உறைக்குள் கிடக்கும், துணுக்கு இன்னும் அங்கேயே இருப்பதுபோல.