வானிலிருந்து மரத்தை அளப்பது எப்படி?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மேலே ஏறினால் ஏலமலையை அடையலாம். ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது. ஆகவே பலா, சந்தன வேம்பு போன்ற நிழல் மரங்களின் கீழ் அதை வளர்க்கின்றனர். வானிலிருந்து நோக்கினால் தோட்டமும் காடும் ஒரே பசுமையாகத் தோன்றும். அப்பசுமையின் கீழ் எத்தனை கனமீட்டர் மரம் நிற்கிறது? காடுகளைப் பற்றிய இக்கேள்வி மிகப் பழையது.

1856-இல் பர்மாவின் பெகு பகுதிக்கு வனப் பொறுப்பேற்று வந்த டீட்ரிக் பிராண்டிஸ், காட்டின் குறுக்கே நீண்ட பட்டைகளாகச் சென்று தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக எண்ணினார். ஒரு பகுதியை அளந்து முழுமையை மதிப்பிடும் முறை அது.

பின்னர் விமானப் புகைப்படங்கள் வந்தன. ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் நோக்கினால் மரங்களின் உயரம் புலப்படும். 1965-இல் ஐ.நா. உதவியுடன் இந்தியாவில் தொடங்கிய வன வள ஆய்வுத் திட்டம் இப்படங்களைப் பயன்படுத்தியது. 1981-இல் அதுவே இந்திய வன அளவை நிறுவனமாயிற்று. படத்தைக் கொண்டு காட்டை வகை பிரிப்பர். மாதிரி இடங்களில், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அடிமரத்தின் விட்டத்தை அளப்பர். இரண்டையும் இணைத்துக் கன அளவைக் கணிப்பர்.

விட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? 20 மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள மரத்தை, அதே அளவுள்ள உருளையில் பாதி எனக் கொண்டால், அதன் கன அளவு சுமார் 2.8 கனமீட்டர். விட்டம் 30 சென்டிமீட்டரானால் 0.7 கனமீட்டர்தான். விட்டம் பாதியானால் மரம் கால் பங்காகிவிடுகிறது!

1972-இல் அமெரிக்காவின் லேண்ட்சாட், 1988-இல் நமது ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஆகிய செயற்கைக் கோள்கள் ஏவப்பட்டன. பசும் இலை அண்மை அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக எதிரொளிப்பதால், காட்டின் பரப்பை அறிவது எளிதாயிற்று. ஆனால் அவை கண்டது இலையை, அடிமரத்தை அல்ல. ஏலமலையில் இவ்வேறுபாடு பெரிது. வெளிச்சம் வேண்டி நிழல் மரங்களைக் கவாத்து செய்வதால், பருத்த மரமும் சிறிய தழைப்பரப்புடன் நிற்கும்.

2018-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஜெடி என்னும் கருவி லேசர் துடிப்புகளைக் கீழே செலுத்துகிறது. உச்சி இலையிலிருந்தும் தரையிலிருந்தும் திரும்பும் ஒளிகளுக்கிடையே உள்ள கால வேறுபாடு உயரத்தைத் தருகிறது. 20 மீட்டர் மரத்துக்கு இது சுமார் 133 நானோ வினாடி. சமவெளியில் இது நன்று. மலைச்சரிவிலோ? லேசர் ஒளி தரையில் சுமார் 25 மீட்டர் அகலத்தில் விழுகிறது. சரிவு 30 பாகையானால், அந்த அகலத்துக்குள் தரையே 14 மீட்டர் ஏறி இறங்கும்! எது தரை, எது மரம் எனப் பிரிப்பது கடினமாகிறது.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக் கோளின் 24 சென்டிமீட்டர் ரேடார் அலை இலைகளை ஊடுருவிக் கிளைகள் வரை செல்லும். சரிவு அதன் எதிரொலியையும் மாற்றும். எனவே இக்கருவிகளின் கணக்கைத் தரையில் சரிபார்த்தாக வேண்டும். தரையில் எடுத்த அளவு பிழையானால், அப்பிழை மலை முழுவதற்கும் பரவிவிடும். ஆகவேதான் இன்றும் ஒருவர் அளவு நாடாவுடன் சரிவில் ஏறி, அடிமரத்தைச் சுற்றி அளக்க வேண்டியிருக்கிறது.