புனித ஜார்ஜ் கோட்டையில் பதவி உயர்வும் பணிமூப்பும்

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப்பட்டினத்தில் காலூன்றிய பதினேழாம் நூற்றாண்டில், அதன் வேலைக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள் பெரும்பாலும் 'ரைட்டர்' என்னும் எழுத்தர் நிலையிலேயே சேர்ந்தனர். கணக்கு எழுதுவதும் கடிதங்களைப் படியெடுப்பதும் அவர்கள் வேலை. ஐந்து ஆண்டுகள் அவ்வாறு கழித்தவர் 'ஃபேக்டர்' எனப்பட்ட வணிக முகவராகவும், பின்னர் மும்மூன்று ஆண்டுகளில் இளநிலை வணிகராகவும் முதுநிலை வணிகராகவும் உயர்வது நடைமுறையாக இருந்தது. 1744இல் ராபர்ட் கிளைவ் எழுத்தராக வந்திறங்கியபோது அந்நிலைக்குரிய சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டுதான். முதுநிலை வணிகருக்கே 40 பவுண்டு.

இத்தொகையில் எவரும் காலந்தள்ளியிருக்க முடியாது என்பது கம்பெனிக்கும் தெரியும். ஆகவே கோட்டைக்குள் தங்கும் இடமும் பொது மேசையில் உணவும் கம்பெனிச் செலவிலேயே அளிக்கப்பட்டன. அந்த மேசையில் ஆளுநர் தலைமையிடத்தில் அமர, மற்றவர்கள் பணிமூப்பின்படி, அதாவது வேலையில் சேர்ந்த காலவரிசைப்படி, இடம் பெற்றதால், யார் யாருக்கு அடுத்து உயர்வு பெறுவார் என்பதைச் சாப்பாட்டு வேளையிலேயே கண்டுகொள்ளலாம். நோயுற்ற படைவீரர்களுக்கென 1664இல் கோட்டைக்குள் தொடங்கிய சிறு மருத்துவமனையே இன்று சென்னை சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. உடல்நலம் கெட்ட படையினருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் உதவ, வங்காள நவாப் மீர் ஜாஃபர் தமக்கு விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு கிளைவ் ஏற்படுத்திய நிதி 1770இல் செயல்படத் தொடங்கியது. இவற்றையெல்லாம்விடப் பெரிய சலுகை, ஊழியர் தம் கணக்கில் சொந்த வணிகம் செய்துகொள்ளக் கிடைத்த அனுமதி. 1672இல் எழுத்தராக வந்து 1687இல் ஆளுநரான எலிஹு யேல் பெருஞ்செல்வம் சேர்த்ததும், 1692இல் பதவியிழந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

சம்பளத்தைக் குறைத்துச் சலுகையைப் பெருக்கிய இந்த ஏற்பாடு ஊழலுக்கு வழிவிட்டதால், தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் காலத்தில் சம்பளம் உயர்த்தப்பட்டு, ஆட்சிப் பணியில் இருந்தோரின் சொந்த வணிகம் தடுக்கப்பட்டது. பின்னர் 1793ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் பணிமூப்புக்குச் சட்ட வலிமை தந்தது. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு மேற்பட்ட பதவிக்கு மூன்றாண்டும், 4,000 பவுண்டுக்கு மேற்பட்டதற்குப் பன்னிரண்டாண்டும் இந்தியப் பணி வேண்டும் என அது வரையறுத்தது. பணிமூப்பைச் சோம்பலுக்குத் தந்த சான்றிதழ் என்று பழிப்பது எளிது. ஆனால் லண்டன் இயக்குநர்களின் உறவினர் நேரே உயர்பதவியில் வந்து அமர்வதைத் தடுக்க அன்று வேறு வேலி இருக்கவில்லை. திறமைக்கும் சிறிது இடம் பின்னர் கிடைத்தது: கம்பெனி அதிகாரி எல்லிஸின் முன்முயற்சியில் 1812இல் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் தேர்ச்சி காட்டிய இளநிலை அலுவலருக்குக் கூடுதல் படியும் பரிசும் உண்டு.

இந்த ஏற்பாடெல்லாம் கம்பெனியோடு நேரடி உடன்படிக்கை செய்துகொண்ட ஐரோப்பியருக்கே உரியது. துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் கணக்கர்களும் இல்லாமல் கோட்டையில் ஒருநாள்கூட வேலை நடந்திராது; ஆயினும் அவர்களுக்கு இத்தகைய படிவரிசை இல்லை. மதம், பிறப்பிடம், நிறம் ஆகியவை பதவிக்குத் தடையாகா என 1833ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த பின்னரும், உடன்படிக்கைக்கு வெளியே இருந்த கீழ்நிலைப் பணிகளே இந்தியருக்கு எட்டின. அங்கே மேலதிகாரி ஒருவரின் ஆதரவு பெரிதும் வேண்டியிருந்தது. தஞ்சைப் பகுதியில் ஊர்க் கணக்கருக்கு உதவியாளாய் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த சிறுவன் முத்துசாமியின் கூர்மையைக் கண்டு, அவனைப் பள்ளிக்கு அனுப்பியவர் ஒரு தாசில்தார். அந்தச் சிறுவன் மாவட்ட முன்சீப், துணை ஆட்சியர் எனப் படிப்படியாக உயர்ந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர் ஆனார். 1893இல் தற்காலிகமாகத் தலைமை நீதிபதிப் பொறுப்பும் வகித்தார். அப்பதவியில் இந்தியர் ஒருவர் நிரந்தரமாக அமர்ந்தது 1948இல், பி. வி. ராஜமன்னார் நியமிக்கப்பட்டபோதுதான்.