தரைதுடைப்பான் வளர்ந்த வரலாறு

ஆங்கில மருத்துவ வழக்கில் 'பணிப்பெண் முழங்கால்' என்றொரு நோய்ப்பெயர் உண்டு. முழங்காற் சில்லுக்கு முன்னால், தோலுக்கும் எலும்புக்கும் இடையே, உராய்வைத் தாங்குவதற்கென்று இயற்கை அமைத்த சிறு நீர்ப்பை ஒன்று இருக்கிறது. கடினமான தரையில் நாள்தோறும் நெடுநேரம் முழங்காலை ஊன்றி உழைப்போருக்கு அந்தப் பை அழற்சியுற்று வீங்கிவிடும். ஜெரோம் கே. ஜெரோம் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட 'படகில் மூவர்' கதையின் தொடக்கத்தில், மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் கதைத்தலைவன், அதிலுள்ள நோய்கள் அனைத்தும் தன்னைப் பற்றியிருப்பதாக அஞ்சுகிறான். இந்த ஒரு நோய் மட்டுமே தனக்கு இல்லை என்று முடிவு செய்கிறான். படித்தவர்கள் நகைத்தார்கள். அந்த நகைப்பினுள் ஓர் உண்மை மறைந்திருந்தது. அந்நோய் அவனை அணுக வழியில்லை. ஏனெனில் அவன் வீட்டுத் தரையைத் துடைத்தவள் வேறொருத்தி.

தரைதுடைப்பானின் வரலாறு, ஊன்றிய அந்த முழங்காலை நிமிர்த்திய வரலாறாகும். கோலின் நுனியில் துணியைக் கட்டத் தெரியாத நாடு இல்லை. அவ்வாறிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும், இருபதாம் நூற்றாண்டின் பாதி வரையிலும், எத்தனையோ நாடுகளில் பெண்கள் மண்டியிட்டும் குந்தியும் தரை துடைத்தே வந்தனர். காரணம் யாது? கருவியின் குறை கோலிலும் இல்லை, துணியிலும் இல்லை. துணியைப் பிழிவதில் இருந்தது என்பதே இவ்வரலாறு தரும் விடை.

கோலும் துணியும்

'மாப்' என்று மக்கள் வழங்கும் ஆங்கிலச் சொல், கைத்துண்டு என்னும் பொருளுடைய 'மப்பா' என்ற இலத்தீன் சொல்லோடு உறவுடையது என்பர். நிலப்படத்தைக் குறிக்கும் 'மேப்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தது. உலகத்தை வரைந்ததும் துணியில்தான். வீட்டைத் துடைத்ததும் துணியில்தான்.

நீண்ட கோலுடைய துடைப்பானுக்குப் பழைய புகலிடம் கப்பல். பாய்மரக் கப்பல்களில் தேய்ந்துபோன கயிறுகளைப் பிரித்து, அவற்றின் இழைகளைக் கொத்தாகக் கோலில் கட்டி, மேல்தளத்தைத் துடைப்பது மாலுமிகளின் வழக்கம். கப்பலில் இது எளிதாயிற்று. பரந்த மரத்தளம், எங்கும் கடல்நீர், எஞ்சிய நீர் வழிந்தோட ஓரங்களில் துளைகள். துணியைச் சரிவரப் பிழியாவிட்டாலும் தீங்கில்லை. வீட்டின் நிலை வேறு. மிகுந்த நீர் தரையில் நின்றால் அழுக்கு அகல்வதில்லை. நீரில் கரைந்து பரவி, காய்ந்தபின் படலமாகப் படிகிறது. மரத்தரையாயின் ஊறிப் பருக்கிறது. ஆகவே வீட்டில் வேண்டுவது நனைந்த துணியன்று. நனைத்துப் பிழிந்த துணி. நீரை உறிஞ்சும் ஆற்றல் பிழிந்த துணிக்கே உண்டு.

கையால் பிழிய வேண்டுமாயின் குனிய வேண்டும். அழுக்கு நீரில் கை வைக்க வேண்டும். அவ்வாறு ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர்வதைக் காட்டிலும், தரையிலேயே அமர்ந்து துடைப்பது எளிதெனப் பணியாளர் கண்டனர். கோல் இருந்தும் முழங்கால் தரையைவிட்டு எழாததன் காரணம் இதுவே.

கவ்வியும் நெம்புகோலும்

அமெரிக்க நாட்டின் காப்புரிமைப் பதிவேடுகளில், மாசசூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரைச் சேர்ந்த ஜேக்கப் ஹோ என்பார் 1837ஆம் ஆண்டில் பெற்ற 241ஆம் எண் காப்புரிமை, துடைப்பானின் துணியைப் பற்றிக்கொள்ளும் பிடிக்கு உரியது. துணியைக் கோலில் ஆணியடித்தோ கயிற்றால் கட்டியோ வைப்பதை மாற்ற எழுந்த முயற்சி அது. அதன்பின் அந்நூற்றாண்டில் இத்தகைய பிடிகள் பல தோன்றின.

அவற்றுள் பெயர் நிலைத்தது, மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த தாமஸ் ஸ்டூவர்ட் என்ற கறுப்பின அமெரிக்கர் அமைத்த துடைப்பான். 1893ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அவருக்கு 4,99,402ஆம் எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பெற்றது. குறுக்குத் தலையுடைய கோல், துணியைப் பற்றும் கவ்வி, அதனை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நெம்புகோல், ஒரு சுருள்வில் ஆகியவை அதன் உறுப்புகள். நெம்புகோலை இயக்கினால் கவ்வி திறக்கும். அழுக்கேறிய துணியை எடுத்துவிட்டு வேறு துணியை வைக்கலாம்.

இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். கோலோடு நிலையாகப் பிணைந்த துணியை நன்றாகத் துவைக்க முடியாது. அது ஈரத்திலேயே கிடந்து நாறும். கழற்றி மாட்டும் வசதி வந்த பின்னரே துடைக்கும் துணியும் துவைக்கப்படும் துணியாயிற்று. அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1865ஆம் ஆண்டில். அதற்கு 28 ஆண்டுகளே கழிந்த நிலையில், பிறர் வீட்டுத் தரையைத் துடைக்கும் தொழிலுக்கே பெரிதும் தள்ளப்பட்டிருந்த ஓர் இனத்தைச் சேர்ந்தவர் அத்தொழிலின் கருவியைத் திருத்தித் தம் பெயரைப் பதிவேட்டில் பொறித்தார் என்பது கருதத்தக்கது.

ஸ்பெயினில் நேர்ந்த திருப்பம்

பிடி சீர்ப்பட்டது, பிழிதல் சீர்ப்படவில்லை. பெரிய கட்டடங்களுக்கென, இரண்டு உருளைகள் பொருத்திய வாளிகள் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தன. உருளைகளுக்கிடையே துடைப்பானின் இழைகளை நுழைத்து அழுத்தினால் நீர் வாளியில் வடியும். எனினும் அவை தொழிற்கூடங்களுக்கும் படைத்தளங்களுக்கும் உரியவையாகவே இருந்தன.

அவற்றை வீட்டிற்குள் கொணர்ந்த பெருமையை ஸ்பெயின் மக்கள், மனுவேல் ஹலோன் கொரோமினாஸ் என்பாருக்கு அளிப்பர். 1925ஆம் ஆண்டில் லொக்ரோஞோ நகரில் பிறந்த இவர் வானூர்திப் பொறியாளர், வான்படை அதிகாரி. ஸ்பெயினும் அமெரிக்காவும் 1953ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னர், ஸ்பானிய வான்படையினர் பலர் அமெரிக்காவிற்குப் பயிற்சிக்குச் சென்றனர். அங்கே வானூர்திக் கொட்டகைகளின் தரையை ஆட்கள் நின்றவாறே துடைப்பதை ஹலோன் கண்டார். தம் நாட்டிலோ, ஓடு பதித்த தரைகளைப் பெண்கள் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தனர். நாடு திரும்பியபின், 1956ஆம் ஆண்டளவில், உருளை பொருத்திய வாளியும் நீள்கோல் துடைப்பானும் சேர்ந்த கருவியை உருவாக்கினார். சரகோசா நகரில் ரோடெக்ஸ் என்னும் தொழிலகத்தின் வழியாக அது விற்பனைக்கு வந்தது.

உலோக வாளியும் உருளைகளும் வீட்டிற்குப் பொருந்தத் தடைகள் இருந்தன. அசையும் உறுப்புகள் மிகுந்தால் விலை ஏறும். நீரில் துருவும் பிடிக்கும். 1960களில் வந்த மாற்றம் இத்தடைகளை நீக்கியது. உருளைகள் போயின, வாளியின் வாயில், துளைகள் நிறைந்த கூம்பு வடிவக் கிண்ணம் ஒன்று பொருந்தியது. வாளி, கிண்ணம் இரண்டும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டன. இழைக்கொத்தை அக்கூம்பினுள் இறக்கி, கோலை அழுத்திச் சற்றே திருகினால் போதும். கூம்பு கீழ்நோக்கிக் குறுகுவதால் இழைகள் பக்கங்களில் நெருக்குண்டு நீரை உதிர்க்கின்றன. மணிக்கட்டின் வலிமை செய்த வேலையை நிற்பவரின் உடல் எடையே செய்துவிடுகிறது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, பழுதுபார்க்கவும் ஒன்றுமில்லை. நீர் பிழிய வேண்டும், கை நனையக்கூடாது, முதுகு வளையக்கூடாது என்னும் மூன்று தேவைகளையும் துளையிட்ட ஒரு கிண்ணம் நிறைவேற்றியது.

கண்டுபிடித்தவர் யார்?

ஹலோன் 2011ஆம் ஆண்டில் காலமானார். எனினும் இக்கருவியை அவர் ஒருவரின் படைப்பு என்று கூறுவது வரலாற்றுக்கு முழுதும் பொருந்தாது. 1953ஆம் ஆண்டிலேயே ஹூலியா மோந்தூசே என்ற பெண்மணியும் அவருடைய மகளும், வாளியோடு பொருத்தித் தரையைக் கழுவவும் துடைக்கவும் உதவும் அமைப்பு ஒன்றை ஸ்பெயினில் பதிவு செய்திருந்தனர். ரோடெக்ஸ் தொழிலகத்தில் ஹலோனுடன் பணியாற்றிய எமிலியோ பெல்விஸ் என்பாரின் பங்கு பற்றியும் அந்நாட்டில் நெடிய வாதம் நடந்ததுண்டு.

இவ்வாதத்தில் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு வீட்டுக் கருவி முழுமை பெறக் குறையை உணர்ந்தவர், உருவை வகுத்தவர், ஆயிரக்கணக்கில் செய்து விற்றவர் என மூவகையினர் வேண்டும். மூன்றாமவர் பெயரே பெரும்பாலும் நிலைக்கிறது. முதல் வகையினருள் தரை துடைத்த பெண்கள் இருந்தனர் என்பதை நினைவூட்ட, 1953ஆம் ஆண்டுப் பதிவு துணை செய்கிறது.

அவ்வாறு உணர்ந்தவரே விற்பவருமான நிகழ்ச்சி பின்னர் அமெரிக்காவில் நடந்தது. மூன்று குழந்தைகளைத் தனித்து வளர்த்த ஜாய் மங்கானோ என்ற பெண்மணி, 1990ஆம் ஆண்டில் 'மிராக்கிள் மாப்' என்ற துடைப்பானை அமைத்தார். 300 அடி நீளமுள்ள ஒரே பருத்தி இழையை வளையம் வளையமாகச் சுற்றி அதன் தலை செய்யப்பட்டது. கோலில் உள்ள பிடியை முறுக்கினால் தலை தானே பிழிந்துகொள்ளும். தலையைத் தனியே கழற்றித் துவைக்கலாம். 1992ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வணிக நிகழ்ச்சியில் அவரே தோன்றிச் செய்துகாட்டினார். அரைமணி நேரத்திற்குள் 18,000 துடைப்பான்கள் விற்றன. எது தொல்லை என்பதைத் தன் கையால் அறிந்தவர் பேசினார். அதே தொல்லையைத் தம் கையால் அறிந்தவர்கள் வாங்கினார்கள்.

பிழிதல் தீர்ந்தபின்

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் ஒரு குறை எஞ்சியது. துடைத்த அழுக்கு வாளி நீருக்குள் செல்கிறது. அதே நீரில் துடைப்பான் மீண்டும் நனைகிறது. மூன்றாம் அறையைத் துடைக்கையில் முதல் அறையின் அழுக்கும் உடன் வருகிறது. வீட்டில் இது பொறுக்கத்தக்கது. நோய்க்கிருமிகள் உலவும் மருத்துவமனையில் பொறுக்கத்தக்கதன்று.

இதற்கு விடை நூலிழையிலிருந்து வந்தது. 9,000 மீட்டர் நீளமிருந்தும் ஒரு கிராமுக்குக் குறைந்த எடையே உள்ள செயற்கை இழையை நுண்ணிழை என்பர். இழை மெலிய மெலிய, அதே எடையில் அதன் மேற்பரப்பு பெருகுகிறது. இழைகளின் இடுக்குகள் நீரையும் தூசியையும் பற்றிக்கொள்கின்றன. இத்தகைய நுண்ணிழைத் துணியைத் தட்டையான பலகையில் ஒட்டித் துடைக்கும் முறையை, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவமனை 1999ஆம் ஆண்டு முதல் சோதித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம் 2002ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டது. ஒவ்வோர் அறைக்கும் புதிய துணி. பயன்படுத்திய துணி மீண்டும் வாளிக்குள் செல்வதில்லை. நீர் குறைந்தது, கிருமிநாசினியின் செலவு குறைந்தது, பணியாளர் தூக்கிச் சுமக்கும் பளுவும் குறைந்தது. நூற்றாண்டுக் காலம் அறிஞரை வருத்திய பிழிதல் என்னும் வேலையே அங்கே இல்லாமற் போயிற்று.

ஆயினும் ஒரு குறை நீங்கும் இடத்தில் மற்றொன்று முளைப்பது கருவிகளின் இயல்பு. செயற்கை நுண்ணிழை ஒவ்வொரு சலவையிலும் பிளாஸ்டிக் துகள்களை நீரில் உதிர்க்கிறது. ஜப்பானில் 1994ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்த, ஒருமுறை துடைத்து எறியும் தாள்கள், குப்பையைப் பெருக்கின. வீட்டின் அழுக்கைப் போக்கும் கருவி ஊரின் அழுக்கைப் பெருக்கலாகாது என்பதே இனி வரும் திருத்தங்களின் முன் நிற்கும் வினா.

பெயர் தரும் பாடம்

ஹலோன் விற்ற கருவிக்கு முதலில் 'தரை கழுவி' என்னும் பொருளுடைய பெயரே இருந்தது. பின்னர் 'பிரகோனா' என்ற பெயர் நிலைத்தது. அச்சொல் ஸ்பானிய மொழியில் பழமையானது. பாத்திரம் துலக்கித் தரை தேய்க்கும் பணிப்பெண்ணைக் குறித்தது. செர்வாந்தேஸ் 1613ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைகளுள் ஒன்றன் தலைப்பிலும் அது உண்டு. பெண்ணை இழித்துச் சுட்டவும் அச்சொல் ஆளப்பட்டது. கருவி பரவியபின் அச்சொல்லைக் கேட்ட மக்களின் மனத்தில் பெண்ணின் உருவம் மங்கி, கோலும் வாளியும் தோன்றலாயின. ஒருத்தியின் மேல் சுமத்திய பெயரைக் கருவி ஏற்றுக்கொண்டது.

தமிழில் இதன் நிலை வேறு. 'அழிப்பான்' என்பது போலவே 'துடைப்பான்' என்பதும் கருவிப் பெயர். இலக்கணம் பயின்றோர் அச்சொல்லில் வேறிரண்டு பொருளும் காண்பர். வினைமுற்றாகக் கொண்டால் அவன் துடைப்பான் என்றாகும். வினையாலணையும் பெயராகக் கொண்டால் துடைக்கின்ற ஆண்மகன் என்றாகும். ஸ்பானிய மொழி, பெண்ணின் பெயரைக் கருவிக்குத் தந்தது. தமிழோ, கருவியின் பெயருக்குள் ஆண்மகனுக்கு ஒரு வேலையை வைத்திருக்கிறது. கோல் நீண்டு, பிழியும் தொல்லை ஒழிந்து, நின்றவாறே எவரும் துடைக்கலாம் என்றான பின்பு, அச்சொல்லை வினைமுற்றாகவும் மெய்ப்பிக்க வேண்டியது வீட்டிலுள்ள ஆடவர் கடமை.